ஆம்புலன்ஸுக்கு வழி தெரியவில்லை என்றால் தெருவை நாமே வரைபடத்தில் ஏற்றலாம்

வணக்கம். பிரசவ வலி வந்த பெண்ணுக்காகக் கூப்பிட்ட ஆம்புலன்ஸ், உங்கள் காலனிக்கு வழி தெரியாமல் மெயின் ரோட்டிலேயே சுற்றியது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு பதறிவிட்டது. தாயும் குழந்தையும் நலம்தானே?

இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கூகுள் மேப்ஸில் காலனி முகப்பை அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தின் ப்ளஸ் கோட் வரும், அதாவது முகவரிக்குப் பதிலாகப் பயன்படும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு. முழுக் குறியீடு சுமார் 14 மீட்டர் சதுரத்தைக் காட்டிவிடும், தெருப்பெயரே வேண்டாம். கொல்கத்தாவில் முகவரியே இல்லாத குடிசைப் பகுதிகளில் இதைத்தான் வீட்டு வாசலில் பொருத்தினார்கள். நீங்களும் கதவுக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். டிரைவர் போன் செய்யும்போது பதற்றத்தில் யாராக இருந்தாலும் பார்த்து அனுப்பிவிடலாம்.

அப்புறம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடம். 2010-இல் ஹெய்தியில் நிலநடுக்கம் வந்தபோது, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாகத் தன்னார்வலர்கள் வரைந்தது இதில்தான். மீட்புக் குழுக்கள் அதை வைத்து வழி பார்த்தன. உங்கள் காலனியை நடந்தே வரையுங்கள். முடிந்தால் தபால்காரரைக் கூட்டிப் போங்கள், எந்தச் சந்துக்கு என்ன பெயர் என்று அவருக்குத்தான் தெரியும். வேன் நுழையாத சந்து, படிக்கட்டு, வண்டி திரும்பும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். ஆனால் கூகுள் வரைபடத்தைப் பார்த்து இதில் வரையாதீர்கள், அதற்கு உரிமம் இடம் தராது.

டிரைவர்கள் பெரும்பாலும் பார்ப்பது கூகுள் என்பதால், விடுபட்ட சாலையை அதிலும் தனியாகத் தெரிவித்துவிடுங்கள். எங்காவது சிக்கினால் இங்கேயே கேளுங்கள், நான் உதவுகிறேன்.