தீவிர நோயிலிருந்து தேறி வருபவருக்கு மென்மையான தொடு சிகிச்சைகளைச் சேர்த்துக் கொடுக்கலாமா?

உங்கள் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவையும் கீமோதெரபியும் முடிந்திருப்பதாகவும், மசாஜ், பாதப் புள்ளிகளை அழுத்தும் ரிஃப்ளெக்ஸாலஜி, கை வைத்து ஆற்றலைச் செலுத்துவதாகச் சொல்லும் ரெய்கி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் விரைவில் தேறுவாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம், ஆனால் சிகிச்சையளிக்கும் மருத்துவருக்குத் தெரிந்தே கொடுக்க வேண்டும். இவை நோயைக் குணப்படுத்துவதில்லை, அது திரும்பி வராமல் தடுப்பதும் இல்லை. வலியையும் பதற்றத்தையும் சற்றுத் தணித்து, உடல் இளகி ஓய்வெடுக்க உதவுகின்றன. அந்த அளவிலேயே இவற்றுக்கு மதிப்பு உண்டு.

நான் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். நெடுநாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தவரின் கையை முதன்முறையாகப் பற்றும்போது ஒன்றைப் பலமுறை கவனித்திருக்கிறேன். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவர் முழங்கையை நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி, விரல்களை இறுக மடக்கி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். இரத்தம் எடுக்க வருபவர்களிடம் நீட்டிப் பழகிய கை அது. ஊசி, கட்டு மாற்றுதல், இரத்த அழுத்தப் பட்டை என்று ஒவ்வொரு தொடுதலும் ஏதோ ஒரு வேலைக்காகவே நிகழ்ந்திருக்கும் உடலுக்கு, எதையும் எடுக்காத, எதையும் செலுத்தாத ஒரு தொடுதல் மீண்டும் பழக வேண்டிய ஒன்றாகிவிடுகிறது. மென்தொடு சிகிச்சையின் முதற்பயன் அந்த விரல்கள் விரிவதுதான் என்று நான் கருதுகிறேன்.

இதற்கு உடலியல் அடிப்படையும் உண்டு. ரோமம் உள்ள தோலில் சி-டேக்டைல் எனப்படும் மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. அவை மெதுவான வருடலுக்கு மிக நன்றாக இயங்குகின்றன என்பதையும், அதன் செய்தியை மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதிக்குக் கொண்டுசெல்கின்றன என்பதையும் ஸ்வீடன் நரம்பியல் ஆய்வாளர் ஹோகன் ஓலாவ்சன் குழுவினர் 2002 முதல் வெளியிட்டு வரும் ஆய்வுகள் காட்டுகின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகம் அவற்றுக்கு உகந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒருமுறை வருடுவதற்கு ஏறத்தாழ எட்டு நொடிகள் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் இதை இரண்டு நொடிகளில் முடித்துவிடுகிறார்கள்.

நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் ஒரே தரத்தில் நிற்பவை அல்ல. மசாஜுக்கு ஓரளவு சான்று உண்டு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 1,290 நோயாளிகளிடம் மசாஜுக்கு முன்னும் பின்னும் கேட்டுத் தொகுத்த விவரங்கள் 2004-இல் வெளிவந்தன. வலி, சோர்வு, பதற்றம், குமட்டல் போன்றவற்றின் மதிப்பெண்கள் சுமார் பாதியாகக் குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க மசாஜ் பெறாத குழு அதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முற்றிய புற்றுநோய் கொண்ட 380 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், மசாஜ் பெற்றவர்களுக்கு உடனடி நிவாரணம் கூடுதலாக இருந்தாலும், கையை வெறுமனே உடல்மீது வைத்திருந்த குழுவினருக்கும் வலி குறைந்தது. நாட்கள் செல்லச் செல்ல இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எனக்கு இந்த ஆய்வு மிக முக்கியமானதாகப் படுகிறது, ஏனெனில் பயிற்சி பெறாத மகளின் கைக்கும் இதில் இடம் இருக்கிறது.

ரிஃப்ளெக்ஸாலஜியில் பாதத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் உறுப்போடு இணைந்திருக்கிறது என்ற கூற்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால் பாதத்தை நிதானமாகப் பிடித்துவிடுவது இதமானது. ரெய்கி பேசும் ஆற்றலுக்கும் சான்று இல்லை. அதைப் போன்றே ஆற்றலை உணர்வதாகச் சொல்லும் தெரப்யூட்டிக் டச் முறையைப் பயில்வோர் 21 பேரைச் சோதித்தபோது, திரைக்கு அப்பாலிருந்த சோதனையாளரின் கை தங்கள் எந்தக் கைக்கு அருகில் இருக்கிறது என்பதை அவர்கள் 44 விழுக்காடு முறைகளே சரியாகச் சொன்னார்கள் என்று 1998-இல் வெளியானது. அமைதியாகக் கை வைத்திருப்பது உங்கள் தாயாருக்குப் பிடித்திருந்தால், அந்த அமைதிக்காக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்துக் கொடுப்பது என்றால் ஒரே நாளில் மூன்றையும் அடுக்குவதல்ல. முதல் வாரம் ஒன்றை மட்டும், பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் போகாமல் கொடுத்துப் பாருங்கள். மறுநாள் அசதி கூடுகிறதா, தூக்கம் எப்படி என்று கவனித்த பின்னரே அடுத்ததைச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கிவிட்டால், ஒத்துக்கொள்ளாதது எது என்று பிரித்தறிய முடியாது.

அக்குளில் நிணநீர்க் கணுக்கள் நீக்கப்பட்டிருந்தால், அந்தப் பக்கத்துக் கையை அழுத்திப் பிடித்துவிடக் கூடாது. அங்கே வீக்கம் இருந்தால் தேவைப்படுவது, 1930-களில் டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் தம்பதியர் உருவாக்கிய நிணநீர் வடிகால் மசாஜ். தோலை மட்டும் மெல்ல நகர்த்தும் அம்முறையைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். கையில் இறுக்கமாக அணியும் அழுத்த உறை, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றோடு சேர்ந்தே அது பலன் தரும்.

கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை 50,000-க்குக் கீழே இருந்தால் அழுத்தம் கூடாது; மிகவும் குறைந்திருந்தால் தொடலாமா என்பதையே மருத்துவரிடம் கேளுங்கள். எலும்பில் புற்று பரவியிருந்தால் அந்த இடத்தை அழுத்தினால் முறியக்கூடும். கதிர்வீச்சு பெற்ற தோல், மருந்து செலுத்தத் தோலடியில் போர்ட் என்ற சிறு கருவி பொருத்திய இடம், ஆறாத தழும்பு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். கீமோதெரபியால் பாதம் மரத்திருந்தால் அழுத்தம் மிகுவது அவருக்கே தெரியாது. மசாஜ் புற்றைப் பரப்பும் என்ற அச்சத்துக்குச் சான்று இல்லை; ஆயினும் கட்டி இருக்கும் இடத்தை நேரடியாக அழுத்த வேண்டாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது ஆழ்சிரை இரத்த உறைவாக இருக்கலாம். அதைப் பிடித்துவிட வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் வந்தாலும் அப்படியே. மருந்தை நிறுத்தச் சொல்லும் சிகிச்சையாளர் எவராயினும் அவரிடம் மறுமுறை போக வேண்டாம். மற்ற நாட்களில், தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் உங்கள் தாயாரிடம் கேளுங்கள். அவர் இன்று வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.