மண்டிச் சீட்டு போதாதா?

கே: கிருஷ்ணகிரியில் பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருஷம் படிக்கிற என் மகள், எகனாமெட்ரிக்ஸில் (பொருளாதாரத்தை எண்களால் அளந்து ஆராயும் படிப்பு) ஆராய்ச்சி செய்து பேராசிரியர் ஆகப்போவதாகச் சொல்கிறாள். முடிப்பதற்குள் முப்பது வயதாகிவிடும். 20 வருஷ மண்டிச் சீட்டைக் கட்டி வைத்திருக்கிறேன். மாங்காய் விலை ஏன் ஏறும், ஏன் இறங்கும் என்று அதைப் பார்த்தே சொல்வேன். இதற்கு ஓர் ஆராய்ச்சியா? பேங்க் பரீட்சை எழுதச் சொல்லுங்கள்.
– மா விவசாயி, காவேரிப்பட்டணம்

ப: சொல்ல மாட்டேன். மண்டிச் சீட்டை வைத்து நீங்கள் அதைச் சொல்லவும் முடியாது ஐயா.

பெங்களூரா மாங்காய் விலை விழுந்தால் மண்டியில் வரத்து அதிகம் என்பார்கள். கூழ் ஆலைக்காரர் வெளிநாட்டு ஆர்டர் இல்லை என்பார். எது நிஜம்? உங்கள் சீட்டில் இருக்கும் விலையும் எடையும் விற்றவர், வாங்கியவர் இருவரும் சேர்ந்து உண்டாக்கிய எண்கள். எத்தனை வருஷச் சீட்டை அடுக்கினாலும் எது யாரால் வந்தது என்று அவை தாமாகப் பிரியாது. ஒரு பக்கத்தை மட்டும் அசைக்கிற ஏதாவது வேண்டும். தை மாதம் பூ நிற்கும்போது பெய்கிற மழை அப்படிப்பட்டது. பூ கொட்டும், காய்ப்பு குறையும். ஆனால் வெளிநாட்டு ஜூஸ் கம்பெனிக்கு எவ்வளவு கூழ் தேவை என்பதை அந்த மழை தொடாது. மழையால் வரத்து குறைந்த வருஷங்களில் விலை எவ்வளவு ஏறியது என்று பார்த்தால், வாங்குகிறவர் எதுவரை தாங்குவார் என்பது பிடிபடும். அமெரிக்காவில் பிலிப் ரைட் என்ற பொருளாதார அறிஞர் 1928-லேயே ஆளிவிதைக்கு இந்த யோசனையை எழுதிவிட்டார். இதே வழியைச் செம்மைப்படுத்திய ஆங்கிரிஸ்ட், இம்பென்ஸ் இருவருக்கும் 2021-ல் பொருளாதார நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மாங்காயோடு இது முடிவதில்லை. ஃப்ளோரைடு தண்ணீரால் பல் காவியேறிய பிள்ளைகளை நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் பார்த்தே வளர்ந்தோம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அதன் பிறகு பிள்ளைகள் உடம்பில் தெரிகிற மாற்றம் அந்தத் தண்ணீரால் வந்ததா, வீட்டு வருமானம் கூடியதாலா, கேன் தண்ணீராலா? பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். அது இந்த மண்ணில் பிறந்த பெண்ணாக இருந்தால் எனக்கு எவ்வளவோ சந்தோஷம்.

பாதை நீளம்தான், மறைக்கவில்லை. எம்.ஏ. இரண்டு வருஷம், பிஎச்.டி. குறைந்தது ஐந்து வருஷம் ஆகும். அதன் பிறகும் கல்லூரி வேலை உடனே கிடைத்துவிடாது. ஆனால் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) வாங்கிவிட்டால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எகனாமெட்ரிக்ஸுக்குத் தனித் துறையே இருக்கிறது. மகலனோபிஸ் 1931-ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அளவுசார் பொருளாதாரத்தில் (குவாண்டிடேட்டிவ் எகனாமிக்ஸ்) முதுகலை உண்டு. அதன் நுழைவுத் தேர்வில் கணக்குதான் ஆளை வடிகட்டும். மேட்ரிக்ஸ், கால்குலஸ், நிகழ்தகவு மூன்றையும் அவள் இன்றைக்கே தொடங்கட்டும். பி.ஏ. பாடம் மட்டும் பத்தாது. பேராசிரியர் வேலை அமையாவிட்டால் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு இருக்கிறது. ரிசர்வ் வங்கியும் ஆய்வுக்கென்று தனியாக அதிகாரிகளை எடுக்கிறது.

கடிதத்தின் பின்பக்கத்தில், மூத்த மகன் 31 வயதில் ஓசூரில் தொழில் தொடங்கத் தோப்பை அடகு வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவனிடம் வயதைக் கேட்டீர்களா?

அந்தச் சீட்டுக் கட்டை மகளிடம் கொடுங்கள். எந்தெந்த வருஷம் பூவில் மழை விழுந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அது எந்தச் சீட்டிலும் இல்லை, உங்களுக்குத்தான் தெரியும்.