கழுகின் அலகும் தூக்கணாங்குருவியும்

கேள்வி: கழுகு 40 வயதில் மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் அடித்து உடைத்து, பழைய இறகுகளைப் பிடுங்கியெறிந்து மறுபிறவி எடுக்குமாமே! வாட்ஸ்ஆப்பில் வந்ததை என் 10 வயது மகனுக்குச் சொன்னேன். இயற்கையைக் காட்டிப் பிள்ளைகளுக்கு வாழ்க்கைப் பாடம் சொல்வது நல்லதுதானே?
— ஒரு வாசகி, மேலூர்

பதில்: நல்லதுதான், சகோதரி. ஆனால் நீங்கள் சொன்னது இயற்கை அல்ல, யாரோ கட்டிவிட்ட கதை. அலகு உடைந்த கழுகால் இரையைக் கிழிக்க முடியாது, பட்டினியில் செத்துப்போகும். நம் நகம்போல அலகும் வளர்ந்தபடியும் தேய்ந்தபடியும் இருக்கிறது. இறகுகள் ஒன்றிரண்டாக உதிர்ந்து அந்த இடத்திலேயே முளைக்கின்றன. அதுவரையிலும் பறந்து இரை தேடியாக வேண்டுமே! காட்டில் ஒரு கழுகு 40 வயதைத் தொடுவதே அரிது.

பாடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற பறவையைத் தேடுகிறோம். எனக்கு வருத்தம் அதில்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு கிணற்றடிப் பனையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதைக் காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண் குருவி நெல் தாளின் ஓரத்தை அலகால் கீறி, கவ்வியபடியே பறக்கிறது. அந்த வேகத்தில் தாள் நீள நாராகக் கிழிந்து வருகிறது. ஒரு கூட்டுக்கு 500 நடை வரை ஆகும். பாதி முடிந்த கூடு கவிழ்த்த சட்டிபோலத் தொங்கும்போது பெண் குருவி வந்து உள்ளே பார்க்கிறது. அன்று வந்தது பிடிக்காமல் பறந்துவிட்டது. ஆண் சிறிது நேரம் சிறகடித்துக் கத்தியது. பிறகு மறுபடியும் தாள் கிழிக்கப் போனது.

விடாமுயற்சி என்று உடனே பெயர் வைக்கத் தோன்றும். பொறுங்கள். ஒரு பெண் கூட்டை ஏற்று முட்டையிட்டதும் இதே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கும். அடைகாப்பது பெண் மட்டுமே. மும்பைக்கு அருகே கிஹிம் கிராமத்தில் 1930-இல் நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்துத்தான் பறவை ஆய்வாளர் சாலிம் அலி இதை எழுதினார். இதை எந்தப் பாடத்துக்குள் அடக்குவீர்கள்?

கழுகுக் கதை தவறு என்று மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். மழை விட்ட ஒரு காலையில் குருவிக்கூடு தொங்கும் பனையடிக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்க வேண்டாம். என்ன பார்த்தான் என்பதை அவன் கையாலேயே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.