கமுடேஷன் பணமும் ஹாப்ஸ் மீட்டரும்

அன்புள்ள ஐயா,

விமானப்படையில் எக்ஸ் குரூப் டெக்னீஷியனாக இருக்கிறேன். அடுத்த வருஷம் 20 வருஷ சர்வீஸ் முடித்து சர்ஜன்டாக வெளியே வருவேன். அப்போது வயது 38. உங்களைப் போல அமெரிக்கா போய் சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) எடுக்க ஆசை. கமுடேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது), பிஎஃப் இரண்டையும் சேர்த்தால் பயிற்சிச் செலவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இந்த மாதமே அட்வான்ஸ் கட்டினால் சலுகை உண்டு என்கிறார் ஏஜென்ட். மனைவி பயப்படுகிறாள். கட்டலாமா?

வாசகர், வேலூர் மாவட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

கட்டாதீர்கள். வீட்டில் பயப்படுவது நியாயம்தான்.

படையில் உங்களுக்கு ஃபிட் என்று எழுதிக் கொடுத்தது தரைப் பணிக்கு. காக்பிட்டில் உட்கார, பைலட் லைசென்ஸ் கொடுக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் கிளாஸ் 2 மெடிக்கலும் அதற்குப் பிறகு கிளாஸ் 1-ம் வேண்டும். இருபது வருஷம் இன்ஜின் சத்தத்தில் நின்ற காது ஆடியோகிராமில் என்ன சொல்லும் என்று அந்த ஏஜென்டுக்கு எப்படித் தெரியும்? அது தேறினால் நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ் பேப்பர்களுக்குச் சம்பளம் வரும்போதே படியுங்கள். பாஸ் மார்க் 70. அமெரிக்க லைசென்ஸோடு திரும்பினாலும் அதை இங்கே மாற்றிக்கொள்ள இந்தப் பாடங்களை எழுதித்தான் ஆகவேண்டும். பணத்தைத் தொடுவது அதற்கப்புறம்.

இந்திய லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பார்ட் 61 என்ற பயிற்சி விதியின் வழியில் போனால் 250. விமானத்தில் ஹாப்ஸ் மீட்டர் என்று ஒன்று இருக்கும். இன்ஜின் ஓடும் நேரத்தை அது எண்ணும், அதை வைத்துத்தான் பள்ளி காசு வாங்கும். ஆறு நிமிஷத்துக்கு ஒரு புள்ளி நகரும். ரன்வே ஓரத்தில் நாலு விமானத்துக்குப் பின்னால் சும்மா காத்துக் கிடந்தாலும் ஓடும். நம்ம ஊர் ஆட்டோ மீட்டரே தேவலை என்று தோன்றும்.

நான் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டிவிட்டு ஃபுளோரிடா போய் இறங்கினேன். பள்ளியில் இரண்டு விமானம் மெயின்டனன்ஸில் நின்றது. மூன்றாவதற்குப் பதினோரு பேர் வரிசை. மத்தியானமானால் இடி மழை வேறு. தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான எம்-1 விசாவில் வெளியே வேலை பார்த்துச் சம்பாதிக்கவும் வழியில்லை. வாடகைக்கு ஊரிலிருந்து நகை அடகு வைத்துப் பணம் வந்தது. அதனால் எந்தப் பள்ளியானாலும் பறக்கப் பறக்கக் கட்டுங்கள். ஒத்துக்கொள்ளாத பள்ளியை விட்டுவிடுங்கள்.

ஆனால் உங்களிடம் இருக்கிற ஒன்று அங்கே வரும் இருபது வயதுப் பையன்களிடம் கிடையாது. விடிகாலையில் இறக்கைக்கு அடியில் குனிந்து சின்னக் குப்பியில் பெட்ரோல் பிடித்துப் பார்ப்போம். நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து மாதிரி உருண்டு நிற்கும். பையன்கள் ஒரு பார்வை பார்த்துக் கொட்டிவிட்டு ஏறிவிடுவார்கள். நம்மைப் போல வருஷக்கணக்கில் ஃபார்ம் 700 என்ற விமானப் பராமரிப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அடுத்தவனை மேலே அனுப்பினவனுக்கு அப்படி ஏற மனசு வராது. ஒருநாள் மூன்று முறை வடித்தும் முத்து போகவில்லை, நான் பறக்கவில்லை. இன்ஸ்ட்ரக்டர் அன்றிலிருந்துதான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

வேலை விஷயம் கொஞ்சம் கசப்பு. பைலட்டாகப் பயிற்சி கொடுத்து எடுக்கும் ஏர்லைன் கேடட் திட்டங்களுக்கு வயது வரம்பு உண்டு, அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். 65 வயது வரை ஓட்டலாம் என்ற விதியை மட்டும் ஏஜென்ட் சொல்லியிருப்பார். பெரிய விமானத்துக்கான டைப் ரேட்டிங், அதாவது அந்த ரகத்தை ஓட்டும் தகுதிக்கான செலவு தனி என்பதைச் சொல்லியிருக்க மாட்டார். எனக்குச் சோறு போடுவது இன்ஸ்ட்ரக்டர் வேலை. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கலுக்குப் பெங்களூருவில் தேதி கிடைத்ததும் எழுதுங்கள். அதற்கு முந்தின நாள் மட்டும் தரையில் இன்ஜினை ஓட்டிச் சோதிக்கும் ரன்-அப் டியூட்டியை யாரிடமாவது மாற்றிவிடுங்கள்.