லாட் மதிப்பு 3.1 வந்தால் கியூடிஎல் கிடைத்துவிட்டதா?

கேள்வி: ஐஆர்29, பொக்காளி நெல் ரகங்களைக் கலந்து எடுத்த 94 ஆர்ஐஎல் லைன்களில் (கலப்பின் சந்ததிகளைப் பல தலைமுறை தற்கலப்பு செய்து நிலைப்படுத்திய வரிசைகள்) நாற்றுப் பருவ உவர் தாங்கும் திறனைப் பார்த்தேன். 7-ஆம் குரோமோசோமில் லாட் (அந்த இடத்துக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கான சான்றின் வலிமை) 3.1, குண வேறுபாட்டில் 14 சதவீதம் என்று வருகிறது. 3-ஐத் தாண்டிவிட்டதால் கியூடிஎல் (அளவிடக்கூடிய குணத்தைப் பாதிக்கும் குரோமோசோம் பகுதி) என்று எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 3 என்ற எல்லை, மனிதக் குடும்பங்களில் மரபணுப் பிணைப்பைச் சோதிக்க 1955-இல் மரபியலாளர் மார்ட்டன் வைத்தது. உங்களுக்கான எல்லையை உங்கள் தரவிலிருந்தே எடுக்க வேண்டும். அதற்கு சர்ச்சிலும் டோர்ஜும் 1994-இல் தந்த பெர்முட்டேஷன் சோதனை இருக்கிறது. மார்க்கர் (குரோமோசோமில் இடம் காட்டும் டிஎன்ஏ அடையாளம்) அட்டவணையைத் தொடாமல், குண மதிப்புகளை மட்டும் லைன்களுக்கிடையே குலுக்குங்கள். 12 குரோமோசோம்களையும் ஸ்கேன் செய்து, கிடைக்கும் மிக உயர்ந்த லாட் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி 1000 முறை செய்து இறங்குவரிசையில் அடுக்கினால், 50-ஆவது மதிப்புதான் 5 சதவீத எல்லை. 7-ஆம் குரோமோசோமை மட்டும் ஸ்கேன் செய்தால் எல்லை தாழும், உங்கள் 3.1 சிகரம் தேறிவிடும். அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

அதற்கு முன் மரபு வரைபடத்தின் மொத்த நீளத்தைப் பாருங்கள். நெல்லுக்குச் சுமார் 1500 சென்டிமார்கன் (மரபு வரைபடத் தூரத்தின் அலகு) வர வேண்டும். ஏறக்குறைய இரட்டிப்பாக வந்தால், தரவை ஆர்ஐஎல் என்று குறிக்காமல் பின்கலப்பு (கலப்பினத்தை ஒரு பெற்றோருடன் மீண்டும் கலந்தது) என்று மென்பொருளில் ஏற்றியிருப்பீர்கள். அதுவும் இல்லையென்றால் மார்க்கர் பதிவில் பிழைகள் இருக்கும்.

1-ஆம் குரோமோசோமில் 11–12 மெகாபேஸ் (ஒரு மெகாபேஸ் என்பது பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்துகள்) பகுதியில் என்ன வருகிறது? உவர் தாங்கலுக்கு அறியப்பட்ட சால்டோல் என்ற கியூடிஎல் அங்கேதான் இருக்கிறது. அது கண்டறியப்பட்டதும் இதே பெற்றோர் கலப்பில்தான். அங்கே அசைவே இல்லையென்றால் முதலில் உங்கள் அளவீட்டைச் சந்தேகப்படுங்கள். 1 முதல் 9 வரை கண்ணால் போடும் இலைச் சேத மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல், தண்டு, இலைகளில் சோடியம்–பொட்டாசியம் விகிதத்தையும் அளந்து பாருங்கள். சால்டோல் முதலில் பிடிபட்டது அந்த விகிதத்தில்தான். வெவ்வேறு தேதிகளில், வெவ்வேறு தட்டுகளில் நாற்று வளர்த்திருந்தால், அந்த வேறுபாட்டை நீக்கிய சராசரியையே ஸ்கேனுக்குக் கொடுங்கள்.

14 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 100 லைன்கள் அளவிலான ஆய்வில், தற்செயலாகப் பெரிதாகத் தெரியும் விளைவுகள்தான் எல்லையைத் தாண்டுகின்றன. அதனால் தாண்டியவற்றின் மதிப்பீடு வெகுவாக ஊதியிருக்கும் என்று மரபியல் ஆய்வாளர் பீவிஸ் காட்டினார். 500 லைன்களில் அந்த ஊதல் சிறிதே. இடமும் ஒரு புள்ளியல்ல. சிகரத்திலிருந்து லாட் 1.5 இறங்கும் வரை இருபுறமும் குறியுங்கள். அது 25 சென்டிமார்கன் என்று வைத்துக்கொண்டால்கூட சுமார் 6 மெகாபேஸ், சில நூறு மரபணுக்கள். அதில் ஒன்றைப் பிடித்து ‘காரண மரபணு’ என்று எழுதினால் மதிப்பாய்வாளர் விடமாட்டார்.

சோதனையில் எல்லை 3.1-க்கு மேலே வந்தால் ‘குறிப்புணர்த்தும் இடம்’ என்று மட்டும் பதியுங்கள். இதே கலப்பில் இன்னும் லைன்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து மறுபடி ஸ்கேன் செய்த பிறகு, மார்க்கர் வழித் தேர்வுக்கு (மார்க்கரைப் பார்த்து நல்ல செடிகளைத் தேர்ந்தெடுப்பதற்கு) பணம் செலவழிக்கலாம்.