புல்லைப் பார்க்கும் முன் வாட்டத்தைப் பாருங்கள்

சாலை ரோலரில் வேலையைத் தொடங்கி, இப்போது விளையாட்டுத் தளங்கள் அமைத்துவருபவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: வீட்டின் பின்புறம் 50 அடி நீளம், 25 அடி அகலத்தில் காலி இடம் இருக்கிறது. பிள்ளைகள் விளையாட செயற்கைப் புல் தளம் போட ஆசை. மண்ணைச் சமன்செய்து அப்படியே விரித்துவிடலாம், ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார் ஒருவர். தோண்டாமல் போடவே கூடாது என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: தோண்டச் சொன்னவர் பேச்சைக் கேளுங்கள், சகோதரி. மண்ணின் மேல் விரித்த புல் முதல் மழை வரைக்கும் அழகாகத்தான் இருக்கும். அதன் பிறகு ஓடும் கால் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழும். மேலே பச்சை மூடியிருப்பதால் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளையின் கணுக்கால்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

முதலில் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி எதுவும் அந்த இடத்துக்கு அடியில் போகிறதா என்று பாருங்கள். பிறகு வேர், புல், தளர்ந்த மேல்மண் எல்லாவற்றையும் வழித்தெடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு அங்குலம் வரை போனால் பெரும்பாலும் போதும். களிமண் என்றால் இன்னும் ஆழம் வேண்டும். அது மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கும். அடிமண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரியுங்கள். அடுத்து மேலே பரப்பும் ஜல்லி சேற்றில் புதையாமல் காப்பது அந்தத் துணிதான்.

ஜல்லியை மொத்தமாகக் கொட்டி ஒரே தடவையில் ரோலர் ஓட்ட விடாதீர்கள். மேற்பகுதி இறுகும், அடிப்பகுதி தளர்வாகவே கிடக்கும். மூன்று, நான்கு அங்குலமாகப் பரப்பி, லேசாக நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். கடைசியாக மெல்லிய கல்தூள் அடுக்கு. சுற்றிலும் கான்கிரீட் கரை கட்டாவிட்டால் ஓரம் சரிந்துகொண்டே வரும்.

இனி வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. நூறு அடிக்கு ஓர் அடி என்பது கணக்கு. உங்கள் 25 அடி அகலத்துக்கு மூன்று அங்குலம். வீட்டுச் சுவரிலிருந்து விலகித் தண்ணீர் ஓடும்படி அந்த இறக்கம் அமைய வேண்டும். ஓடுகிற காலுக்கு அது தெரியாது, மழைநீருக்குத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் போய்ச் சேர வடிகாலோ மண்தரையோ உங்கள் எல்லைக்குள்ளேயே இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்குள் தள்ளிவிடுவது நியாயமில்லை. நேரான பத்தடிச் சட்டத்தைத் தளத்தில் வைத்து, எங்கெங்கே இடைவெளி தெரிகிறது என்று நீங்களே பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இருந்தால் சரிசெய்யச் சொல்லுங்கள். புல் விரிக்கும் முன் ஒரு கனமழை பெய்தால் நான் அதைப் பாக்கியமாகவே நினைப்பேன். தண்ணீர் தேங்கும் இடத்தை மழையே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: (அவரே) மூத்தவனுக்குக் கூடைப்பந்து, இளையவளுக்குக் கால்பந்து, எங்களுக்கு இறகுப்பந்து. எந்தப் புல் வாங்குவது?

பதில்: கூடைப்பந்தைப் புல்லில் தட்டி ஆட முடியாது, பந்து எழும்பாது. மகனுக்கு வேறொரு மூலையில் கான்கிரீட் தரை கொடுங்கள். இறகுப்பந்துக் களம் 44 அடிக்கு 20 அடி, உங்கள் இடத்தில் அடங்கும். கால்பந்துக்கென்றே போடும் தளங்களில் புல் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். அதில் மற்ற ஆட்டங்களுக்குக் கால் இழுக்கும். உங்களுக்கு 20 முதல் 25 மில்லிமீட்டர் உயரத்தில், இழைகளுக்கு நடுவே மணல் நிரப்பும் வகை பொருந்தும்.

நான்கு மீட்டர் அகலச் சுருளாகக் கேளுங்கள். இரண்டு சுருளில் 26 அடி கிடைக்கும், நடுவில் ஒரே ஓர் ஒட்டுதான் வரும். இரண்டு சுருளின் இழைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மாறிவிட்டால் ஒரே புல் இரண்டு நிறமாகத் தெரியும். ஈரத்தில் பசை போட விடாதீர்கள்.

கேள்வி: ரப்பர் துகள் நிரப்பினால் விழுந்தாலும் அடிபடாது என்கிறார்கள். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் போடலாமா?

பதில்: நான் போட மாட்டேன். பழைய டயரை அரைத்துச் செய்த துகள் அது. செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும், மழையில் வடிகாலுக்குள் போகும். இப்படிப் பரவும் நுண்பிளாஸ்டிக்கைத் தடுக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் விதி கொண்டுவந்தது. தளங்களில் நிரப்பும் இத்தகைய துகள்களின் விற்பனைக்கு அங்கே 2031 வரைதான் அவகாசம். அடிபடாமல் இருக்க வேண்டுமானால் புல்லுக்கு அடியில் அதிர்வு தாங்கும் மெத்தை விரிப்புப் போட்டு, மேலே கழுவி உலர்த்திய, முனை மழுங்கிய சிலிக்கா மணலை நிரப்புங்கள்.

சூட்டையும் யோசியுங்கள். உச்சிவெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். தண்ணீர் தெளித்தால் தணியும், ஆனால் கொஞ்ச நேரத்தில் பழைய சூடு திரும்பிவிடும். காலையிலும் மாலையிலும் ஆடட்டும், வெறுங்காலோடு மட்டும் வேண்டாம்.

கேள்வி: பெரிய மரத்தின் நிழலில் புல் வளரவே இல்லை. மரத்தை வெட்டிவிட்டு செயற்கைப் புல் தளம் போடச் சொல்கிறான் மகன். ஒருமுறை போட்டால் பராமரிப்பே வேண்டாமாமே?

பதில்: ஐயா, தயவுசெய்து மரத்தை வெட்டாதீர்கள். வெளிச்சம் இல்லாத இடத்துக்கு வந்துதான் செயற்கைப் புல்லே புகழ்பெற்றது. 1965-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் திறந்த ஆஸ்ட்ரோடோம் என்ற கூரையிட்ட பேஸ்பால் அரங்கில், உயரே வரும் பந்து கண்கூச்சத்தில் தெரியவில்லை என்று ஒளி புகும் கூரைப் பலகைகளுக்குச் சாயம் பூசினார்கள். உள்ளே இருந்த புல் பட்டுப்போயிற்று. 1966-ல் அங்கே செயற்கைப் புல் வந்தது. அதனால் நிழல் உங்களுக்குத் தடையே இல்லை. வெயில் காலத்தில் தளத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. வேரை அறுக்காமல் இருக்க, கிளை பரவிய எல்லைக்கு வெளியே தளத்தைத் தள்ளி அமையுங்கள். மரத்துக்குக் கிழக்கே அமைந்தால் சாயங்கால நிழல் தானாக வந்து சேரும்.

பராமரிப்பு கட்டாயம் உண்டு. இலையை அன்றாடம் கூட்ட வேண்டும், அழுகினால் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துப் பாசி பிடிக்கும். விறைப்பான துடைப்பத்தால் இழை சாய்ந்த திசைக்கு எதிராகத் தேய்த்து நிமிர்த்த வேண்டும். குறைந்த மணலை அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

கேள்வி: எங்கள் தளத்தில் ஓரிடத்தில் மட்டும் கோடு போட்டதுபோலப் புல் உருகியிருக்கிறது. யாரும் நெருப்பு வைக்கவில்லை. என்ன காரணம்?

பதில்: எதிரே வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். அது லேசாகக் குழிந்திருந்தால் சூரிய ஒளியை ஒரே இடத்தில் குவித்து அடிக்கும், புல் உருகும். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் வலைத்திரை மாட்டிவிட்டு, உருகிய துண்டை மட்டும் வெட்டி மாற்றுங்கள். திரை மாட்டாமல் புல்லை மாற்றினால் புதிய துண்டும் உருகும்.