ஆப்ஷன் பீரியட்: 7 நாளில் என்னென்ன செய்ய வேண்டும்?

கேள்வி: டெக்சாஸில் 1984-ல் கட்டிய வீடு ஒன்றுக்கு நாங்கள் கொடுத்த ஆஃபரை விற்பவர் ஏற்றுக்கொண்டார். ஆப்ஷன் பீரியட் (காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து விலகக்கூடிய காலம்) 7 நாள். ஒரு இன்ஸ்பெக்டரை வைத்துப் பார்த்தால் போதும் என்கிறார்கள். வேறென்ன செய்ய வேண்டும்? பிடிக்காவிட்டால் கட்டிய பணம் திரும்ப வருமா?

பதில்: நீங்கள் கட்டுவது இரண்டு தொகை. சிறியது ஆப்ஷன் ஃபீ, அதாவது இந்த விலகும் உரிமைக்கான கட்டணம். விலகினால் அது போனதுதான்; வாங்கினால் வீட்டு விலையில் கழியும். பெரியது ஏர்னஸ்ட் மணி, அதாவது வாங்குவதில் உறுதி என்று காட்டக் கட்டும் முன்பணம். ஆப்ஷன் பீரியடுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து விலகினால் அது திரும்ப வரும். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒப்பந்தம் அமலாகி 3 நாளுக்குள் ஆப்ஷன் ஃபீ டைட்டில் கம்பெனிக்கு (இரு தரப்புக்கும் பொதுவாகப் பணத்தை வைத்திருந்து விற்பனையை முடித்துவைக்கும் நிறுவனம்) போய்ச் சேராவிட்டால் இந்த உரிமையே கிடையாது. ரசீதை வாங்கி வையுங்கள்.

நாள் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அமலான தேதிக்கு மறுநாள்தான் முதல் நாள். திங்களன்று அமலானால் அடுத்த திங்கள் ஏழாம் நாள். அன்று மாலை 5 மணியோடு முடிந்தது, அதுவும் வீடு இருக்கும் ஊரின் நேரப்படி. சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். ஃபீ கட்டும் கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். ஆப்ஷன் பீரியடின் கடைசி நாளுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆகவே இன்ஸ்பெக்‌ஷனை 2-ம் நாளோ 3-ம் நாளோ முடித்துவிடுங்கள். இன்ஸ்பெக்டர் சுவரைத் திறக்க மாட்டார், சோபாவை நகர்த்த மாட்டார். கண்ணுக்குப் படுவதைப் பார்த்து, இயக்கக்கூடியதை இயக்கிப் பார்த்து எழுதுவார். அவர் சந்தேகப்பட்டதை உறுதிசெய்ய இன்ஜினியரோ பிளம்பரோ வர வேண்டும், மீதி நாட்கள் அதற்குத்தான். கரண்ட், தண்ணீர், கேஸ் மூன்றும் இணைப்பில் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே கேளுங்கள். காலி வீட்டில் கேஸைத் துண்டித்திருந்தால் ஹீட்டரைச் சோதிக்க முடியாது. மறுபடி இணைப்புக் கொடுப்பது விற்பவரின் செலவு.

டெக்சாஸ் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு இனத்துக்கும் நாலு கட்டம் இருக்கும்: பார்த்தது, பார்க்காதது, வீட்டில் இல்லாதது, குறையுள்ளது. எல்லாரும் கடைசிக் கட்டத்தின் டிக்குகளை எண்ணிப் பதறுகிறார்கள். சமையலறையில் ஜிஎஃப்சிஐ அவுட்லெட் (ஷாக் அடிக்காமல் கரண்டைத் தானே துண்டிக்கும் பிளக் பாயின்ட்) இல்லையென்றாலும் ஒரு டிக், அஸ்திவாரம் இறங்கியிருந்தாலும் ஒரு டிக். எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. 'பார்க்காதது' கட்டத்தை முதலில் படியுங்கள். சாமான் அடைத்திருந்ததால் அட்டிக்குக்குள் (கூரைக்கு அடியிலுள்ள பரண்) போகவில்லை என்றிருந்தால், அங்கே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இடத்தைக் காலி செய்யச் சொல்லி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அஸ்திவாரம். டெக்சாஸின் பல பகுதிகளில் மண் களிமண்; நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் கான்கிரீட் ஸ்லாப். மயிரிழை விரிசலுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிச் செங்கல் சுவரில் படிப்படியாக ஏறி, மேலே போகப்போக அகலமாகும் விரிசல், கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், மூடிய கதவின் மேலே ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் இடைவெளி விட்டும் நிற்பது: இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். வீடு முழுக்கத் தரைமட்டத்தை அளந்து எழுதித் தருவார். அஸ்திவாரம் சரிசெய்யும் கம்பெனியின் இலவச எஸ்டிமேட் இதற்கு ஈடாகாது; அவர்களுக்கு வேலை கிடைத்தால்தான் வருமானம்.

ஸ்லாபுக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாயைப் பிளம்பரைக் கொண்டு கேமரா விட்டுப் பாருங்கள். தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கும் ஹைட்ரோஸ்டாடிக் டெஸ்ட் வேண்டுமென்றால் விற்பவர் தனியாக எழுத்தில் அனுமதி தர வேண்டும், முதல் நாளே கேளுங்கள். 1978 முதல் 1995 வரை கட்டிய வீடுகளில் பாலிபியூட்டிலீன் என்ற, கசிவுக்குப் பேர்போன பிளாஸ்டிக் குடிநீர்க் குழாய் இருக்க வாய்ப்புண்டு. வாட்டர் ஹீட்டர் பக்கம் சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாய் தெரிகிறதா பாருங்கள். இருந்தால் வீடு முழுக்கக் குழாய் மாற்ற எவ்வளவு ஆகும் என்று விலை கேட்டாக வேண்டும். கரையானுக்குத் தனி ரிப்போர்ட். ஈய பெயின்ட் 1978-க்கு முந்தைய வீடுகளின் கவலை, அதை விட்டுவிடலாம்.

பலர் மறப்பது இன்ஷூரன்ஸ். கூரையின் வயதைக் கேட்டு, பிரீமியம் எவ்வளவு என்று இந்த 7 நாளுக்குள்ளேயே எழுத்தில் விலை வாங்குங்கள். பழைய கூரை என்றால் சில கம்பெனிகள் தேய்மானம் கழித்துத்தான் பணம் தரும். காற்று, ஆலங்கட்டி மழைக்கான டிடக்டிபிள் (சேதத்தில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். 4,00,000 டாலர் காப்பீட்டுக்கு 2% என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் பொறுப்பு.

பழுது பெரிதாக இருந்தால் 'சரிசெய்து கொடுங்கள்' என்பதைவிட விலைக்குறைப்போ கிரெடிட்டோ (விற்பனை முடியும்போது விற்பவர் உங்கள் செலவில் ஏற்கும் தொகை) கேட்பது நல்லது. கிளம்பப்போகிறவர் மலிவான ஆளைத்தான் பிடிப்பார். கிரெடிட்டுக்கு வரம்பு உண்டு: சாதாரண கன்வென்ஷனல் லோனில் (அரசு உத்தரவாதம் இல்லாத வீட்டுக் கடன்), குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு டவுன் பேமென்ட் 10 சதவீதத்துக்குக் குறைவென்றால் விற்பவர் 3% வரைதான் தரலாம், அதுவும் உங்கள் குளோசிங் செலவுக்கு (விற்பனையை முடிக்க ஆகும் கட்டணங்கள்) மட்டும். கேட்கும் முன் லோன் ஆபீசரிடம் பேசிவிடுங்கள். பழுதுபார்க்கவே சொல்வதானால் என்ன வேலை, உரிமம் உள்ளவர் செய்ய வேண்டும், ரசீது, வாரன்டி எல்லாம் அமென்ட்மென்டில் (ஒப்பந்தத் திருத்தம்) எழுதிக் கையெழுத்தாக வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

நீங்கள் கோரிக்கை அனுப்பிவிட்டதால் கெடு நிற்காது. கடைசி நாள் மதியம் வரை பதில் இல்லையென்றால் இரண்டே வழி: இரு தரப்பும் கையெழுத்திட்ட நீட்டிப்பு, அல்லது 5 மணிக்கு முன் விலகல் நோட்டீஸ்.